மூன்றாம் நாள் வருகிறவர்

எங்கள் சுந்தராபுரம் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் நாள் சொந்தக்காரர்கள் வருவார்கள். இரண்டாம் நாள் கம்பெனிக்காரர்களும் கட்சிக்காரர்களும் வருவார்கள். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிவாக்கில் அவர் வருவார். துக்கம் விசாரிப்பதை நாங்கள் கேதம் கேட்பது என்போம். கேதம் கேட்க வருகிற மற்றவர்களைப் போல அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வர மாட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். செருப்பை வாசலில் ஜோடி கலையாமல் விடுவார். நாற்காலியை இழுத்துப் போட்டாலும் உட்கார மாட்டார். நிலைக்கதவில் ஒரு கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். முப்பத்திரண்டு வருடம் பொள்ளாச்சிக்கும் கோவை உக்கடத்துக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக நின்ற உடம்பு. வீடு எந்த நிமிடமும் பிரேக் போடலாம் என்று அதற்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் முதன்முதலாகப் படித்தது அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான். வேறு யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. எங்களுக்கு அவர் எதிரில் இருந்தால் கண்டக்டருங்க, இல்லாவிட்டால் வெறும் கண்டக்டர்.

வந்தவுடன் ஆரம்பித்துவிட மாட்டார். மாலை போட்ட போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு வீட்டு ஆட்களிடம் மெல்லிய குரலில் ஒவ்வொன்றாக விசாரிப்பார். எந்த ஊருக்கு அடிக்கடி போய் வருவார், வாட்சை எந்தக் கையில் கட்டுவார், வெற்றிலை போடுவாரா, கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருந்துவிடுவாரா என்றெல்லாம் கேட்பார். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் போதும், சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "இப்ப நெனப்பு வந்துருச்சுங்க. நம்ம பஸ்சுல வருவாருங்க" என்பார். மூலைக்கு ஒருவராக ஒடுங்கிக் கிடப்பவர்களைப் பார்த்து, "முன்னால எடம் இருக்குதுங்க, முன்னால வாங்க" என்று கையை அசைப்பார். அழுது களைத்துப் போனவர்கள் எழுந்து வந்து அவர் காலடியில் உட்காருவார்கள். அதற்குப் பிறகுதான் கதை.

மாவு மில் வைத்திருந்த அம்மா இறந்தபோது அவர் சொன்னது கோழிக் கதை. அந்த அம்மா பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய கோழியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாராம். மூச்சு விட இடமில்லாத கூட்டம். சீட்டில் இருந்த ஒரு வாத்தியாரின் மடியில் பையை வைத்துவிட்டுத் தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கிணத்துக்கடவு தாண்டியதும் கோழி வாத்தியார் மடியிலேயே முட்டை போட்டுவிட்டது. கோழி என்னுது, அதனால் முட்டையும் என்னுது என்று அந்த அம்மா. முட்டை விழுந்தது என் மடியில், அதனால் எனக்குத்தான் என்று வாத்தியார். பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்துபோனதாம். ஒத்தக்கால்மண்டபத்தில் டிரைவர் தீர்ப்புச் சொல்ல வண்டியை ஓரங்கட்டினார். ஓரங்கட்டிய வேகத்தில் முட்டை உருண்டு உடைந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உடுங்க வாத்தியாரே, அடுத்தது உங்களுக்குத்தான்" என்றாராம். சொன்ன மாதிரியே அடுத்த வாரம் ஒரு முட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கண்டக்டர் கையில் கொடுத்தாராம். வாத்தியார் ஊர் மாறிப் போகிற வரைக்கும் வாராவாரம் ஒரு முட்டை நம்ம பஸ்ஸில்தான் போச்சு என்று முடித்தார்.

மூன்று நாளாக அழுது தொண்டை கட்டிப் போயிருந்த மருமகள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். அடுத்த நொடி அது அழுகையாகிவிட்டது. அந்த இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதை நான் அவர் வந்து போன வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன். கேத வீட்டில் என்ன இளிப்பு என்று முணுமுணுக்கிறவர்கள் எங்கேயும் இரண்டு பேர் இருப்பார்கள். மூன்றாம் நாள் பத்தே முக்காலுக்கு அவர்களும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதை இரண்டு ஸ்டாப்புக்கு மேல் நீளக் கூடாது என்பது அவர் சட்டம். கிணத்துக்கடவில் வாயைத் திறந்தால் ஒத்தக்கால்மண்டபம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீர் தவிர எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது வாரேன் என்று சொல்லக் கூடாது. அதனால் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

செத்தவர்களைப் பற்றி இத்தனை பேசியவர் இருக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மார்க்கெட்டில் என் பிள்ளைகள் ஒருமுறை அவரைப் பிடித்துக்கொண்டு எங்கம்மாவைப் பற்றி ஒரு கதை சொல்லுங்க என்று நச்சரித்தார்கள். கொத்தமல்லிக் கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "உசுரோட இருக்கறவங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு மட்டுமில்லை. இருதய ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கண்டக்டர் தெருமுனையில் தலை காட்டினால் வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். எந்தக் கையில் கட்டுகிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயம். அவர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்.

என் அப்பா பவுண்டரியில் அச்சு எடுக்கும் மோல்டர். பதினோரு வருடத்துக்கு முன்னால் இறந்தார். அவர் என்னை அடித்ததில்லை, கொஞ்சியதும் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவார். பஸ்ஸில்தான் போய் வருவார். சாயங்காலம் வெறுங்கையோடும் கடுகடுத்த முகத்தோடும் வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நான் கதவோரம் நின்று அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இருக்காது. வயது ஏறியபிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. மூன்று நாள் நான் வாயையே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் கண்டக்டர் வந்தார். என்னிடம்தான் கேட்டார். நான் என் வலது மணிக்கட்டை மட்டும் தொட்டுக் காட்டினேன். வாட்ச் கட்டுகிற கை. பொள்ளாச்சி, ஞாயிற்றுக்கிழமை, வெறுங்கை எல்லாம் அம்மா சொன்னாள். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அப்பா மகளுக்கென்று ஒரு பஞ்சு முட்டாய் வாங்கிக்கொண்டு ஏறினாராம். குச்சியில் சுற்றிய ரோஸ் கலர் முட்டாய், ஆள் தலை அளவு. உள்ளே கூட்டம் நசுக்கிவிடும் என்று வாட்ச் கட்டிய வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையை உள்ளே எடுங்க என்றால், என் கை, உங்களுக்கென்னங்க என்றாராம். பஸ் வேகமெடுத்ததும் காற்று முட்டாயைத் தின்ன ஆரம்பித்தது. கிணத்துக்கடவில் கையை உள்ளே இழுத்தால் குச்சி மட்டும்தான் இருந்தது. அப்பா குச்சியைப் பார்த்தாராம், கண்டக்டரைப் பார்த்தாராம், "எறக்கி உடுங்க" என்றாராம். இறங்கி, ரோட்டைத் தாண்டி, பொள்ளாச்சிக்கே திரும்பிப் போனார். அடுத்த டிரிப்பில் மறுபடி இதே பஸ். இந்த முறை கை காலி. கில்லாடி, மடியில் ஒளித்து வைத்திருந்தார். அடிக்கிற வெயில், என்ஜின் பக்கத்து சீட்டு. சுந்தராபுரத்தில் எழுந்தபோது முட்டாய் இல்லை. வேட்டி மட்டும் ரோஸ் கலரில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரிடமும் பேசாமல், கோபமாக, வெறுங்கையோடு இறங்கிப் போனார்.

நான் சிரித்தேன். மூன்று நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். பக்கத்தில் இருந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமாங்க, அந்த வேட்டிய நாந்தான் தொவச்சேன். கறை போகவே இல்ல" என்றாள். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறொரு அப்பா வாழ ஆரம்பித்தார். என் நினைவில் இருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் முகம் மாறிப்போனது. அது கோபமில்லை, தோற்றுப்போன வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா அந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. கல்யாண வீட்டில் சொல்வாள், ரேஷன் வரிசையில் சொல்வாள், என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்வாள். வருடத்துக்கு வருடம் முட்டாய் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்பா இருந்த காலத்தில் அவரைப் பற்றி அம்மா ஒரு நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் வைண்டிங் வேலை செய்கிறேன். என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் பெண் சுமதி. நாலு வருடத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா இறந்தார். சொந்த ஊர் கிணத்துக்கடவு. நாங்கள் நாலைந்து பேர் மூன்றாம் நாள் போனோம். நுழைந்தபோதே குரல் கேட்டது. கண்டக்டர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பஞ்சு முட்டாய்க் கதை. பஸ் மட்டும் உக்கடத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. காற்று ஒத்தக்கால்மண்டபத்தில் தின்று முடித்தது. சுமதியின் அப்பா பேண்ட் போடுகிறவர், அதனால் வேட்டி இருந்த இடத்தில் தோள் துண்டு வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நீண்ட கையில் வாட்சுக்குப் பதில் கோயில் கயிறு கட்டியிருந்தது. "எறக்கி உடுங்க" மட்டும் அப்படியே இருந்தது. சுமதி தரையில் புரண்டு சிரித்தாள், அழுதாள். அவர் பாதியில் என்னைப் பார்த்துவிட்டார். நிற்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கதையை முடித்தார்.

பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்தேன். நல்ல உச்சி வெயில். அது எங்கப்பாவுங்களா, சுமதி அப்பாவுங்களா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க என்றேன். அவர் சம்பந்தமில்லாத மாதிரி ஒன்று சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயணி சீட்டில் உட்கார்ந்தபடியே செத்துப்போனாராம். வீட்டுக்குக் கொண்டுபோனபோது அந்த மனிதரின் மனைவி இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்னங்க சொன்னார் என்று கேட்டாராம்.

"டிக்கெட் கேட்டேன், சில்லறை இல்லைன்னு சொன்னாருங்க அம்மணி. அதுதான் அவரு கடைசியாச் சொன்னது. அதைப் போயி அந்தம்மாகிட்டச் சொல்ல முடியுங்களா?"

என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"பஞ்சு முட்டாய்க்காரரு நிசமாவே இருந்தாருங்க. எறங்குனாரு, திரும்பப் போனாரு. எல்லாம் நிசம். மொகந்தான் நெனப்பில்ல. எத்தனை மொகம் பாத்துட்டேன். உங்கப்பா இல்லீன்னு என்னால சொல்ல முடியாதுங்க. அந்தப் புள்ளையோட அப்பா இல்லீன்னும் சொல்ல முடியாதுங்க."

இதை நீங்கள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கத்தினேன். பஸ் வந்தது. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறத் திணறினாள். அவர் பழக்கதோஷத்தில் அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நான் ஏறினேன். அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வருவதாகக் கையைக் காட்டினார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் ஒரு சாதாரணக் கிழவர் நின்றிருந்தார்.

அந்த மனிதரை நான் வெறுத்தேன். என் அப்பாவை இரண்டாம் முறை கொன்றுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பேன், அவள் அந்தக் கதையில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள். எனக்கும் ஒரு பிடிமானம் மிச்சமிருந்தது. அம்மா துவைத்த வேட்டி. கறை போகவே இல்லை என்று அவளே சொன்னாளே. அப்படியென்றால் முகம் மறந்துபோன அந்த மனிதர் அப்பாவாகவே இருக்கலாம். நாலு வருடம் அந்த ஒரு கறையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கம்பெனியில் தினமும் சுமதி என் பக்கத்தில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றுவாள். அவ்வப்போது, எங்கப்பா மாதிரி யாரு இருப்பாங்கக்கா என்பாள். ஆமாம் சுமதி என்பேன்.

இந்த வருடம் தை மாதத்தில் கண்டக்டரும் போய்விட்டார். மூன்றாம் நாள் நானும் அம்மாவும் போனோம். பந்தல் நிறைந்து வழிந்தது. பொள்ளாச்சி ரோட்டில் அவர் நிலைக்கதவைப் பிடித்து நின்ற அத்தனை வீடுகளும் அங்கே வந்திருந்தன. பதினோரு மணிக்கு எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். பழக்கம். யாரும் வரவில்லை. ஓசூரிலிருந்து வந்திருந்த அவருடைய மகன், நாற்பது வயது ஆள், கைகட்டி நின்றுகொண்டு, வீட்டில் அப்பா அதிகம் பேச மாட்டார், அவரைப் பற்றிச் சொல்ல எனக்கே எதுவும் இல்லை, உங்களில் யாராவது சொல்லுங்கள் என்றார். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

அப்போது சுமதி எழுந்தாள். "எங்கப்பாவப் பத்தி ஒரு கதை சொன்னாருங்க. அதைச் சொல்லட்டுங்களா?" என்றாள்.

என் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உட்காரு என்று என்னை அழுத்தி உட்காரவைத்தாள். அதற்குள் சுமதி தன் கதையில் உக்கடத்தில் பஸ் ஏறிவிட்டாள். ரோஸ் கலர், ஜன்னல், காற்று என்று வரிசையாக வந்தது. நான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையை மட்டும் பார்த்தேன். அது அசையவில்லை. எதிர் வரிசையில் ஒரு பெரியவர் சட்டென்று தலையைக் குனிந்தார். இன்னொரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அந்தப் பந்தலில் எத்தனை பஞ்சு முட்டாய்க்காரர்களின் பிள்ளைகள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கதை முடிந்தபோது அவர் மகன் சிரித்தார், பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா எழுந்து போய் சுமதியின் கன்னத்தைத் தடவி, "உங்கப்பன் தங்கமான மனுசன் கண்ணு" என்றாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் அம்மா, உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். நாலு வருடமாக என்றேன். ஆனால் வேட்டியில் கறை இருந்தது என்று நீதானே சொன்னாய் என்றேன். என் குரல் எனக்கே அழுகிற குழந்தையின் குரலாகக் கேட்டது.

"கறையும் இல்ல, ஒண்ணும் இல்ல கண்ணு. ஒருக்கா வேணா வாங்கியிருப்பாரு. எறங்கி, திரும்பப் போற மனுசனா உங்கப்பா? மூணு நாளா வாயத் தொறக்காதவ நீ சிரிச்சுப்போட்டே. இல்லீன்னு சொல்ல எனக்கு மனசு வருமா?"

எனக்காகத்தான் என்றால் அன்றோடு விட்டிருக்கலாமே, பதினோரு வருடமாக ஊரெல்லாம் எதற்குச் சொன்னாய் என்று கேட்டேன். அம்மா ஒரு மெடிக்கல் கடை வாசலில் நின்றுவிட்டாள்.

"அப்பறம் எனக்கே அந்த மனுசனப் புடிச்சுப் போச்சு. உங்கப்பாகூட முப்பத்தாறு வருசம் இருந்தேன். இந்தப் பதினோரு வருசம் இவருகூடத்தான் கண்ணு இருந்தேன்."

இனிமேல் அந்தக் கதையை நம் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது, பிள்ளைகளிடமும் சொல்லிவை என்றாள். அது அந்தப் பெண்ணுடைய அப்பா, கொடுத்தாயிற்று என்றாள். சொல்லிவிட்டு, ஆட்டோவும் பஸ்ஸும் போய்க்கொண்டிருக்கிற ரோட்டோரத்தில், கடைக்காரர்கள் எட்டிப் பார்க்க, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். எனக்கும் அந்தப் பஞ்சு முட்டாய்க்காரர்தானே அப்பா.